பானெட் உயரமும் கிராஷ் கார்டும்: ஏற்காடு மலைப்பாதையில் வண்டிக்கு வெளியே இருப்பவரின் நிலை என்ன?

கேள்வி: கன்னங்குறிச்சி_மிதிவண்டி

அனைவருக்கும் வணக்கம். சேலம் கன்னங்குறிச்சியில் வசிக்கிறேன். ஞாயிறுதோறும் விடியற்காலையில் மிதிவண்டியில் அடிவாரம் வரை சென்று, உடல் ஒத்துழைக்கும் நாட்களில் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி ஏற்காட்டில் ஒரு தேநீர் குடித்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிடுவது ஆறு ஆண்டுகளாக என் வழக்கம். இப்போது கேட்கப்போவது மிதிவண்டியைப் பற்றியதல்ல, கார் வாங்குவதைப் பற்றியது. ஆனால் இரண்டுக்கும் தொடர்பு இருப்பதால்தான் இந்த அறிமுகம்.

கோரிமேட்டில் இருக்கும் என் அக்காவின் கணவர் உயரமான எஸ்.யு.வி. ஒன்றை வாங்கப் போகிறார். விற்பனையாளர் அதன் முன்புறத்தில் எஃகுக் குழாயாலான கிராஷ் கார்டு ஒன்றை இலவசமாகப் பொருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஏற்காட்டில் இவருக்குச் சிறிது காப்பித் தோட்டம் இருக்கிறது. மாலை மயங்கிய பிறகு சாலையில் காட்டெருமை வந்து நிற்பதை அவரே பலமுறை பார்த்திருப்பதால், கார்டு கட்டாயம் வேண்டும் என்கிறார்.

மாமாவிடம் என்னால் உடனே மறுத்துப் பேச முடியவில்லை. ஆனால் என் மனதில் இருப்பது வேறொரு காட்சி. சென்ற மாதம் ஒன்பதாவது வளைவைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தபோது, இப்படிக் கார்டு பொருத்திய வண்டி ஒன்று என்னை உரசினாற்போல் முந்திச் சென்றது. பம்பரின் ஓரத்தைத் தாண்டி ஒரு சாண் அளவுக்கு வெளியே நீண்டிருந்த அந்தக் குழாயின் வளைந்த முனை, என் ஹேண்டில்பாரின் கைப்பிடி ரப்பரை இலேசாகத் தொட்டுவிட்டுப் போனது. நான் விழவில்லை, சுவரோரம் சாய்ந்து நின்றுவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தபோது ரப்பரில் வெள்ளிநிறப் பூச்சு ஒரு கோடாக ஒட்டியிருந்தது. அந்தக் குழாய் என் இடுப்பு எலும்பின் உயரத்தில் இருந்தது என்பதை அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன்.

நான் அறிய விரும்புவது இதுதான். இந்தக் கார்டுக்குச் சட்டத்தில் இடம் உண்டா? வண்டியின் முகப்பு உயரமாக இருப்பது நடந்து செல்பவருக்கும் மிதிவண்டியில் செல்பவருக்கும் உண்மையிலேயே கூடுதல் ஆபத்தா, அல்லது அது என்னைப் போன்றவர்களின் பயம் மட்டுமா? அக்காவின் மகளுக்கு ஏழு வயது, தெருவிலேயே விளையாடுகிற பெண். ஆகவே வண்டிக்குள் இருப்பவரை மட்டுமல்லாமல் வெளியே இருப்பவரையும் மனதில் வைத்து ஒரு வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? துறை அறிந்தவர்கள் பொறுமையாக எழுதினால் மாமாவிடம் அப்படியே படித்துக் காட்டுவேன்.

—

பதில்: பட்டறைக்காரன்

தம்பிக்கு வணக்கம். அன்னதானப்பட்டிப் பக்கம் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கிறேன். ஒரு காலத்தில் வாரத்துக்கு நான்கைந்து கார்டு என் கையாலேயே பூட்டியிருக்கிறேன். எனவே இதைக் குற்றம் சொல்லும் தகுதியைவிடக் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் தகுதிதான் எனக்கு அதிகம்.

முதலில் சட்டத்தை முடித்துவிடுவோம். 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் எல்லா மாநிலங்களுக்கும் கடிதம் எழுதி, வண்டிகளில் இவ்வாறு பொருத்தப்படும் கிராஷ் கார்டுகளும் புல் பார்களும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு முரணானவை என்றும், அவற்றின் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் அறிவுறுத்தியது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் வண்டியின் உரிமையாளருக்கு ஐயாயிரம் ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க 182-ஏ பிரிவு இடம் தருகிறது. பூட்டிக் கொடுத்தவர் இலவசமாகக் கொடுத்தாலும், சாலையில் நிறுத்தப்படும்போது பதில் சொல்ல வேண்டியவர் ஆர்.சி. புத்தகத்தில் பெயர் உள்ளவர்தான். இதை மாமாவிடம் முதலில் படித்துக் காட்டுங்கள். மற்றவை அதன் பிறகு எளிதாக இறங்கும்.

இனி, பட்டறையில் நான் கண்டதைச் சொல்கிறேன். கார்டைப் பூட்டுவது என்றால், பம்பரின் கீழ்ப்பகுதியைக் கழற்றி, வண்டியின் அடிச்சட்டமான சேசிஸின் முனையில் இருக்கும் துளைகளில் எல் வடிவத் தகடுகளை வைத்து, பக்கத்துக்கு இரண்டு போல்ட் போட்டு இறுக்குவது, அவ்வளவுதான். கம்பெனிக்காரன் பம்பருக்கும் சேசிஸுக்கும் நடுவில் நொறுங்குவதற்கென்றே ஒரு பெட்டி வைத்திருப்பான். பம்பருக்குள் தெர்மாகோல் போன்ற ஒரு நுரைக்கட்டியும் இருக்கும். மோதினால் முதலில் நுரை அமுங்கும், அடுத்துப் பெட்டி மடங்கும், அதன் பிறகுதான் அடி சேசிஸுக்குப் போகும். நாங்கள் பூட்டும் குழாய் அந்த இரண்டையும் தாண்டி முன்னால் நிற்கிறது. மோதும் அடி நுரையையும் தொடுவதில்லை, பெட்டியையும் தொடுவதில்லை. நேராகத் தகடு வழியாகச் சேசிஸுக்குப் போகிறது. மோதியது ஆளாக இருந்தால், குழாய் அசையாது. அசைய வேண்டியது ஆள்தான்.

ஒரு நாள் ஒரு வண்டியை எடுத்து வந்தார்கள். மிதிவண்டியில் வந்த பெரியவர் ஒருவர் மீது மெதுவாகத்தான் இடித்ததாம். வண்டியில் என்ன சேதம் என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். கார்டின் கறுப்புப் பூச்சில் நகம் அளவுக்குச் சிராய்ப்பு, அதைத் தவிர ஒன்றும் இல்லை. பெரியவருக்குத் தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. “கார்டு நன்றாக வேலை செய்திருக்கிறது, அண்ணா” என்று ஓட்டி வந்தவர் என்னிடம் சொன்னார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு நான் கார்டு பூட்டுவதில்லை.

உண்மையைச் சொன்னால், காட்டெருமைக்காகக் கார்டு போடுகிறவர் நூற்றில் ஒருவர். மற்றவரெல்லாம் ஐந்து ரோட்டு நெரிசலிலும் லீ பஜார் சந்திலும் இரு சக்கர வண்டிகள் பம்பரை உரசிவிடுகின்றன என்பதற்காகப் போடுகிறார்கள். ஒரு பம்பருக்குப் பெயின்ட் அடிக்க ஆகும் செலவை மிச்சம் பிடிப்பதே நோக்கம். உங்கள் மாமாவைக் கேட்டுப் பாருங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார் என்றால்.

—

பதில்: சேர்வராயன்_தோட்டம்

மேலே எழுதியவர்கள் சமவெளியில் இருக்கிறார்கள். நான் மலைமேல் இருக்கிறேன். இரவில் மூடுபனிக்குள்ளிருந்து காட்டெருமை வெளிவரும்போது அதன் கால்களில் உள்ள வெள்ளை மட்டும்தான் முதலில் தெரியும். உடம்பு கறுப்பு, சாலையும் கறுப்பு. என் ஜீப்பில் கார்டு இருந்ததால் ஒருமுறை ரேடியேட்டர் தப்பியது. இல்லையென்றால் விடியும்வரை அங்கேயே நின்றிருப்பேன். சட்டம் எழுதுகிறவர்கள் எங்கள் சாலையில் ஒரு இரவு ஓட்டிப் பார்க்கட்டும்.

—

பதில்: பட்டறைக்காரன்

ஐயா சொல்வதை நான் பொய் என்று சொல்லவில்லை. கன்று ஒன்று உரசியிருந்தால் கார்டு தாங்கியிருக்கும். ஆனால் வளர்ந்த காளை 700 கிலோவுக்குக் குறையாது, பெரியது ஆயிரம் கிலோவைத் தொடும். அதில் வேகமாக மோதிய வண்டி ஒன்றும் என் பட்டறைக்கு வந்தது. தகடு மடங்கி, கார்டே ரேடியேட்டரைக் குத்திக் கிழித்திருந்தது. மலையில் இரவு ஓட்டும்போது காப்பாற்றுவது வேகக் குறைப்பும் டிம் விளக்கும்தான். பனியில் பிரைட் போட்டால் வெளிச்சம் திரும்பி நம் கண்ணிலேயே அடிக்கும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

—

பதில்: சூரமங்கலம்_வரைபடம்

சொந்த ஊர் சூரமங்கலம், வேலை வாகன உதிரிபாக வடிவமைப்பில். பட்டறைக்காரர் அண்ணன் நுரைக்கட்டியைப் பற்றி எழுதியதைப் படித்தபோது மகிழ்ச்சியாக இருந்தது, ஏனென்றால் அந்த நுரை எதற்காக அங்கே இருக்கிறது என்பதைப் பலர் அறிவதில்லை. அது வண்டியைக் காப்பதற்காக மட்டும் அங்கே வைக்கப்படவில்லை. வெளியே நடந்து செல்பவரின் முழங்காலுக்காகவும் வைக்கப்பட்டிருக்கிறது.

ஒரு கார் நின்றுகொண்டிருக்கும் மனிதரை இடிக்கும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். முகப்பு தாழ்வாக உள்ள காரில் பம்பர் முதலில் காலில் படுகிறது, உடல் பானெட்டின் மீது சரிகிறது, கடைசியாகத் தலை பானெட்டின் பின்பகுதியிலோ முன்கண்ணாடியின் அடியிலோ மோதுகிறது. இவையெல்லாம் ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் முடிந்துவிடுகின்றன. ஆகவே கால் படும் இடம் அமுங்க வேண்டும், தலை படும் இடம் குழிய வேண்டும். பானெட் தகட்டுக்கும் அதன் அடியில் இருக்கும் எஞ்சினுக்கும் நடுவே இடைவெளி விடுவது இதற்காகத்தான். தகடு குழியும் தூரத்துக்குள் எஞ்சின் இல்லையென்றால் தலை பிழைக்க வாய்ப்பு உண்டு. இருந்தால், மெல்லிய தகட்டின் மென்மை எந்தப் பயனும் தராது. மோதும் கணத்தில் பானெட்டின் பின்முனையைச் சற்றே மேலே தூக்கி இடைவெளியை உண்டாக்கும் பானெட்டுகள் சில கார்களில் உண்டு. 2012இல் வந்த வால்வோ வி40 காரில், நடந்து செல்பவருக்காக முன்கண்ணாடியின் அடியில் வெளிப்புறத்திலேயே காற்றுப்பை வைத்தார்கள்.

இவற்றைச் சோதிக்கும் முறையும் இருக்கிறது. 2008 நவம்பரில் ஐக்கிய நாடுகள் அமைப்பின் கீழ் ஏற்கப்பட்ட உலகளாவிய விதி எண் 9, குழந்தையின் தலைக்கு ஈடாக மூன்றரை கிலோ எடையுள்ள தலையுருவையும் பெரியவரின் தலைக்கு ஈடாக நான்கரை கிலோ தலையுருவையும் மணிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் பானெட்டின் மீது எறிந்து பார்க்கச் சொல்கிறது. பம்பரில் கால் உருவை 40 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டு, முழங்கால் எவ்வளவு வளைகிறது என்று அளக்கிறார்கள். நம் நாட்டில் இதே வழியில் அமைந்த தரம் ஏ.ஐ.எஸ். 100. எஃகுக் குழாயை முன்னால் பூட்டிய அந்த நிமிடமே இத்தனை சோதனையும் அந்த வண்டியைப் பொறுத்தவரை செல்லாததாகிவிடுகிறது, ஏனென்றால் சோதிக்கப்பட்ட முகப்பு இப்போது மோதப்போகும் முகப்பு அல்ல. வண்டிக்குள் இருப்பவரின் காற்றுப்பைக்கும் இது பொருந்தும். வண்டி எவ்வளவு விரைவாக வேகம் இழக்கிறது என்பதை வைத்தே காற்றுப்பை விரிவது முடிவாகிறது. கார்டு அந்தக் கணக்கைக் கலைத்துவிடும்.

உயரத்தைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். உங்கள் பயம் வெறும் பயம் அல்ல. அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனமான ஐ.ஐ.எச்.எஸ்., நடந்து செல்பவர் மீது வண்டி மோதிய ஏறத்தாழ 18 ஆயிரம் விபத்துகளை ஆராய்ந்து 2023 நவம்பரில் முடிவுகளை வெளியிட்டது. பானெட்டின் முன்விளிம்பு 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டிகள், 30 அங்குலத்துக்கு உட்பட்டுச் சரிவான முகப்புக் கொண்ட கார்களைவிட, மோதப்பட்டவரின் உயிரைப் பறிக்கும் வாய்ப்பு சுமார் 45 விழுக்காடு கூடுதல் என்று அதில் கண்டார்கள். காரணம் எளிது. தாழ்ந்த முகப்பு காலைத் தட்டி ஆளைப் பானெட் மீது சரிக்கிறது. உயர்ந்து செங்குத்தாக நிற்கும் முகப்பு இடுப்பையும் மார்பையும் நேரே தாக்கி ஆளை முன்னே தரையில் தள்ளுகிறது, அதன் பிறகு சக்கரம் வருகிறது. பெரியவருக்கு இடுப்பு என்றால், ஏழு வயதுக் குழந்தைக்கு அது கழுத்தும் முகமும்.

கார் வாங்கும்போது மோதல் சோதனையில் அது பெற்ற நட்சத்திரங்களைப் பார்ப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பாரத் என்.சி.ஏ.பி. என்ற நம் நாட்டு மோதல் சோதனைத் திட்டம் தரும் நட்சத்திரங்கள் உள்ளே அமர்ந்திருக்கும் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் கிடைக்கும் பாதுகாப்பைச் சொல்கின்றன. வெளியே இருப்பவருக்கெனத் தனி நட்சத்திரம் கிடையாது. இருந்தாலும் மூன்று நட்சத்திரமோ அதற்கு மேலோ பெற வேண்டுமானால் முகப்பு நடந்து செல்பவருக்கான தரத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. எனவே மூன்றுக்குக் கீழே இறங்காதீர்கள். அதே கார் ஐரோப்பாவிலும் விற்கப்பட்டால், அங்குள்ள யூரோ என்.சி.ஏ.பி. அறிக்கையில் நடந்து செல்பவர், மிதிவண்டி ஓட்டுபவர் ஆகியோருக்கான மதிப்பெண் தனியாகத் தரப்பட்டிருக்கும். அதில் பானெட்டின் எந்தப் பகுதி நல்லது, எது மோசம் என்று நிறம் தீட்டிய படமே இருக்கும். ஆனால் அங்கே விற்கும் காரும் இங்கே விற்கும் காரும் பெயரில் மட்டும் ஒன்றாக இருக்கும் சங்கதியும் உண்டு, கவனம்.

இது ஏதோ சிறுபான்மையினரின் கவலை என்று மாமா நினைத்தால் ஒரு கணக்கைக் காட்டுங்கள். 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள் என்று மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது, அதாவது ஐந்தில் ஒருவர். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் நம் தமிழ்நாட்டுக்குத்தான்.

வாங்கும் முன் வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. சோதனை ஓட்டத்துக்கு வண்டியைக் கொண்டுவரும்போது மாமாவை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வையுங்கள். வண்டி அசையாமல் நிற்கட்டும். முன்னால் ஒரு பொருளை வைத்து, அது எவ்வளவு தூரத்தில் அவர் கண்ணுக்குத் தெரியத் தொடங்குகிறது என்று நாடாவால் அளந்து பாருங்கள். எந்த விளம்பரப் புத்தகத்திலும் இல்லாத எண் அது.

—

பதில்: பழைய_ஸ்டியரிங்

மலைப்பாதையில் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். தம்பி மிதிவண்டியில் ஏறுகிறவர் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. கார் முகப்பைப் பற்றி மேலே நன்றாக எழுதிவிட்டார்கள். ஆனால் கொண்டை ஊசி வளைவில் மிதிவண்டிக்காரரை வண்டியின் முகப்பைவிட அதன் பின்பகுதிதான் அதிகம் வருத்தும்.

பேருந்து திரும்பும்போது முன்சக்கரம் போகும் வழியில் பின்சக்கரம் போவதில்லை, உட்பக்கமாக வெட்டிக்கொண்டு போகும். அச்சுக்கும் அச்சுக்கும் நடுவே ஐந்து மீட்டருக்குச் சற்று அதிகமாக உள்ள பேருந்து, 11 மீட்டர் ஆரத்தில் திரும்புவதாக வைத்துக்கொண்டால், பின்சக்கரம் ஒரு மீட்டருக்கு மேல், கிட்டத்தட்ட நான்கடி, உள்ளே வந்துவிடும். இடப்பக்கம் வளையும் கொண்டை ஊசியில் உட்பக்கம் என்பது சாலையின் இடது ஓரம், அதாவது சட்டப்படி ஒழுங்காக ஓரமாக ஏறுகிற மிதிவண்டிக்காரர் இருக்கும் இடம். பேருந்தின் முன்பக்கம் அவரைத் தாராளமாக ஒதுங்கிக் கடந்துவிட்டதால், ஆபத்து தாண்டிவிட்டது என்று அவர் நினைப்பார். அதன் பிறகுதான் பின்சக்கரம் அவரைச் சுவரோடு நெருக்கும். வலப்பக்க வளைவில் உள்ள கதை வேறு. பின்சக்கரத்துக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் வால் பகுதி, ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடிக்கத் தொடங்கும்போது, இடப்பக்கமாகச் சற்று வீசும். ஓட்டுநர் உட்கார்ந்திருப்பது வலப்பக்கம். இந்த இரண்டுமே நடப்பது அவருக்கு எட்டாத இடப்பக்கத்தில். எங்கள் காலத்தில் நடத்துநர் படியில் நின்று எட்டிப் பார்த்து விசில் கொடுப்பார், அதுதான் எங்களுக்குக் கண்.

அடுத்தது முன்கண்ணாடியின் இரு பக்கத்திலும் இருக்கும் தூண். வண்டி உருண்டாலும் கூரை நசுங்கக் கூடாது என்று இப்போது கார்களில் அதைப் பருமனாகச் செய்கிறார்கள். உள்ளே இருப்பவருக்கு அது நல்லது. ஆனால் வளைவில் ஓட்டுநர் பார்க்க வேண்டிய இடம் அந்தத் தூணுக்குப் பின்னால்தான் இருக்கிறது. என் பேரன் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினான். கண்ணிலிருந்து 70 சென்டிமீட்டர் தூரத்தில் 12 சென்டிமீட்டர் அகலத் தூண் இருந்தால், இரண்டு கண்ணாலும் பார்த்தாலும் 20 மீட்டருக்கு அப்பால் ஒன்றரை மீட்டருக்கு மேல் அகலமான இடம் மறைந்துவிடுமாம். ஒரு மிதிவண்டி அதற்குள் அடங்கிவிடும். வண்டியும் திரும்ப, மிதிவண்டியும் நகர, இரண்டும் ஒத்த கதியில் போனால் அவர் தொடர்ந்து தூணின் மறைவிலேயே வந்துகொண்டிருப்பார். அதனால்தான் பழைய ஓட்டுநர்கள் வளைவில் கோழி போலத் தலையை முன்னும் பின்னும் ஆட்டுவார்கள். பார்த்துச் சிரிக்கும் பயணிகளும் உண்டு. கார் வாங்கும்போது இருக்கையில் உட்கார்ந்து, வலப்பக்கத் தூண் எவ்வளவை மறைக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இறங்கும்போது, ஏறுவதற்குப் போடும் கியரிலேயே இறங்க வேண்டும் என்பது எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம். இப்போது பலர் பிரேக்கை மட்டும் நம்பி இறங்குகிறார்கள். அடிவாரச் சோதனைச் சாவடியில் நின்று பாருங்கள், கருகிய வாடை வரும். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும்போது எத்தனை நட்சத்திர வண்டியானாலும் எதிரே ஏறி வருபவரை அது காப்பாற்றாது.

—

பதில்: கன்னங்குறிச்சி_மிதிவண்டி

எழுதிய எல்லாருக்கும் நன்றி. சொன்னபடியே நேற்று அளந்து பார்த்துவிட்டேன்.

வாங்க நினைத்திருக்கும் வண்டி சோதனை ஓட்டத்துக்கு வந்தது. அக்கா வீட்டுத் தெருவில் அதை நிறுத்தச் சொல்லி மாமாவை உட்கார வைத்தேன். பானெட்டின் முன்விளிம்பு தரையிலிருந்து 108 சென்டிமீட்டர் இருந்தது. சுண்ணக்கட்டியால் தரையில் ஒரு தடித்த கோடு போட்டு, அதைத் தள்ளித் தள்ளிப் போட்டுக்கொண்டே போனேன். கிட்டத்தட்ட ஐந்து மீட்டர் போன பிறகுதான் “தெரிகிறது” என்றார். அடுத்து ஒரு முக்காலியின் மேல் பிளாஸ்டிக் குடத்தைக் கவிழ்த்து 90 சென்டிமீட்டர் உயரத்துக்கு, அதாவது மூன்று வயதுக் குழந்தையின் உயரத்துக்குச் சற்றுக் குறைவாக, வைத்துப் பார்த்தோம். பானெட்டிலிருந்து 80 சென்டிமீட்டர் தள்ளும் வரை குடம் அவர் கண்ணில் படவே இல்லை. பிறகு பக்கத்து வீட்டுச் சிறிய காரில் இதையே செய்தோம். அதன் பானெட் 75 சென்டிமீட்டர் உயரம். குடம் பம்பரை ஒட்டி இருந்தபோதே தெரிந்தது, கோடு மூன்று மீட்டருக்குள்ளேயே தெரிந்துவிட்டது.

மாமா ஒன்றும் பேசவில்லை. இறங்கி வந்து, முக்காலி இருந்த இடத்தில் மகளை நிற்கச் சொன்னார். அவள் 120 சென்டிமீட்டர் உயரம், நின்றால் தலை தெரிகிறது. “செருப்பு வாரைப் போடு” என்றார். அவள் குனிந்தாள். மாமா ஏறி உட்கார்ந்து பார்த்தார். அவ்வளவுதான், அதற்கு மேல் கார்டைப் பற்றி வீட்டில் பேச்சு எழவில்லை.

விற்பனையாளரிடம் கார்டு வேண்டாம் என்று சொன்னபோது அவர் வியப்போடு பார்த்தார். அதற்குப் பதிலாக விலையைக் குறைக்க முடியாது, மிதியடி தருகிறோம் என்றார். வண்டியையே மாற்றுவதா என்பதை மாமா இன்னும் முடிவு செய்யவில்லை. தோட்டத்துச் சாலை மோசமாக இருப்பதால் உயரமான வண்டி வேண்டும் என்கிறார், அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அடிப்பகுதி உயரமாக இருப்பதற்கும் பானெட் உயரமாக இருப்பதற்கும் வேறுபாடு உண்டு என்று இப்போது புரிந்திருக்கிறது. முகப்பு சரிந்த வேறு இரண்டு மாடல்களின் பெயரை எழுதி வைத்திருக்கிறார். அவற்றையும் குடத்தை வைத்து அளந்து பார்ப்போம்.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம், பழைய ஸ்டியரிங் ஐயாவுக்கு. இடப்பக்க வளைவில் ஏறும்போது பின்னால் பேருந்து வருவது தெரிந்தால் நான் எங்கே இருப்பது நல்லது? உட்பக்கம் செங்குத்தாகவும் இருக்கிறது, அங்கே மிதிக்கவும் முடிவதில்லை.

—

பதில்: சூரமங்கலம்_வரைபடம்

ஐயா பதில் சொல்வதற்குள் ஒன்று. அடிவாரத்துக்கு வரும் வழியில் லாரிகளோடு சேர்ந்து வருவீர்கள் அல்லவா? லாரியின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே பக்கவாட்டில் ஒரு கம்பித் தடுப்பு இருக்க வேண்டும். மிதிவண்டியில் இருந்து விழுபவர் உள்ளே போய்ச் சக்கரத்தில் சிக்காமல் இருக்கத்தான் அது. ஐரோப்பிய விதிப்படி அதன் கீழ்விளிம்பு தரையிலிருந்து 550 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. நம் நாட்டிலும் அதற்கு ஐ.எஸ். 14682 என்ற தரம் உண்டு. அது வளைந்தோ கழற்றப்பட்டோ இருக்கும் லாரியின் பக்கவாட்டில் ஒருபோதும் ஒட்டி ஓட்டாதீர்கள்.

—

பதில்: பட்டறைக்காரன்

டிப்பர்களில் அதைக் கழற்றுவதற்குச் சொல்லும் காரணம், சுரங்கத்துக்குள் மேடு பள்ளத்தில் தட்டுகிறது என்பது. எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்குப் போகும் முந்தின நாள் மாட்டிக்கொண்டு போவார்கள், திரும்பி வந்ததும் கழற்றிக் கொட்டகையில் சாய்த்து வைப்பார்கள். பார்த்திருக்கிறேன்.

—

பதில்: பழைய_ஸ்டியரிங்

தம்பி, வளைவுக்குள் இருந்துகொண்டு இடம் தேடக் கூடாது. பேருந்து ஓட்டுநர் கீழ் நேர்ப்பாதையிலேயே ஹாரன் அடிப்பார். அந்தச் சத்தம் கேட்டதும் வளைவு தொடங்குவதற்கு முன்னாலேயே, சாலை நேராக இருக்கும்போதே நிறுத்தி, தார் விளிம்பைத் தாண்டி மண்ணில் கால் ஊன்றிக்கொள்ளுங்கள். பேருந்து முழுவதும், வால் உட்பட, வளைவைத் தாண்டிய பிறகு ஏறுங்கள். மலையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி, அது மிதிவண்டிக்கும் உண்டு என்று நான் என் ஓட்டுநர்களிடம் சொல்லி வந்தேன். ஆனால் பின்னால் ஏறி வருவது பேருந்தாக இருந்தால் விதியைப் பற்றி யோசிக்க வேண்டாம், நின்றுவிடுங்கள். அவர் இரண்டாவது கியரில் இருந்தால் நிற்க முடியாது, நின்றால் மறுபடி எடுப்பது பெரும்பாடு.